பெயரில்லாத முடிச்சுகள்

தெஹ்ரானின் கம்பள அருங்காட்சியகத்தில் ஈரானியக் கைவிரல்களின் பல நூற்றாண்டு உழைப்பு சுவர் முழுக்கத் தொங்குகிறது. ஊர் பெயர் உண்டு, வியாபாரி பெயர் உண்டு. முடிச்சுப் போட்டவர்களின் பெயர் மட்டும் இல்லை.

எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால், பிரம்மாண்டமான தறி ஒன்றைத் தெருவோரம் நிறுத்திவிட்டு நெசவாளி சாப்பிடப் போயிருப்பது போல் தோன்றும். ஃபாத்தெமி சாலையும் கார்கர் சாலையும் சந்திக்கும் முனையில், லாலே பூங்காவின் வடமேற்கு மூலையில் நிற்கிறது ஈரான் கம்பள அருங்காட்சியகம். கட்டடத்தைச் சுற்றி மேலிருந்து கீழாக இறங்கும் பட்டைகள் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களை நினைவூட்டுகின்றன. அது அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. தெஹ்ரானின் கோடை வெயில் நேராகச் சுவரில் அடிக்காமல் இந்தப் பட்டைகள் நிழல் தருகின்றன. உள்ளே இருப்பவை கம்பளி, பருத்தி, பட்டு. மூன்றுக்கும் வெப்பமும் வெளிச்சமும் பகை.

வடிவமைத்தவர் அப்தோல் அஜீஸ் ஃபர்மான்ஃபர்மாயன். தெஹ்ரானின் மாபெரும் ஆசாதி விளையாட்டரங்கமும் அவருடைய கைவண்ணம்தான். ஷாவின் மனைவி ஃபரா பஹ்லவியின் ஆர்வத்தில் 1976ல் நிறுவப்பட்ட அருங்காட்சியகம் 1978ல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மன்னராட்சி கவிழ்ந்தது. அரச குடும்பம் நாட்டை விட்டுப் போனது. கட்டடக் கலைஞரும் வெளியேறினார். அரசியின் பெயரைத் தாங்கியிருந்த ஃபரா பூங்கா, லாலே பூங்கா ஆனது. லாலே என்றால் ட்யூலிப் மலர். புரட்சிக்குப் பிந்தைய ஈரானில் அது உயிர்த் தியாகிகளின் சின்னம்.

பெயர்கள் மாறின, கம்பளங்கள் தப்பின. ஈரானில் எந்த ஆட்சியும் பகைத்துக்கொள்ள முடியாத பொருள் கம்பளம். அரண்மனையிலும் அது உண்டு, மசூதியிலும் உண்டு. ஏழை வீட்டில் நாற்காலி இல்லாமல் இருக்கலாம். கம்பளம் இருக்கும். சாப்பிடுவதும், தூங்குவதும், தொழுவதும், விருந்தினரை உட்கார வைப்பதும் அதன் மேல்தான். பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதும் அதையே. பணமுடை வந்தால் விற்பதும் அதையே. நம் வீடுகளில் தங்க நகைக்கு இருக்கும் இடம் அங்கே கம்பளத்துக்கு.

காட்சிக் கூடங்களின் பரப்பு சுமார் 3,400 சதுர மீட்டர். தரைத் தளத்தில் நிரந்தரக் காட்சி. வழக்கமாக 135 கம்பளங்கள் வரை வைக்கப்படுகின்றன. மேல் தளம் அவ்வப்போது மாறும் கண்காட்சிகளுக்கானது. கம்பளம் பற்றிய நூல்களுக்கென்று ஒரு நூலகமும், கால் வலித்தால் உட்கார ஒரு தேநீர்க் கூடமும் உண்டு. சேகரிப்பில் 16ம் நூற்றாண்டு முதல் நம் காலம் வரையிலானவை இருக்கின்றன. கஷான், கெர்மான், இஸ்ஃபஹான், தப்ரீஸ், குராசான், குர்திஸ்தான் என்று ஊர் ஊராக, மாகாணம் மாகாணமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

அவசரமாகப் பார்த்தால் எல்லாம் சிவப்பும் நீலமுமாக ஒன்று போலவே தெரியும். கொஞ்சம் பொறுமை காட்டினால் ஒவ்வொரு ஊரும் தன் பாஷையில் பேச ஆரம்பிக்கும். நடுவில் பெரிய பதக்கம், நான்கு மூலையிலும் அதன் கால்வாசித் துண்டு என்றால் அது லச்சக் துரஞ்ச் வடிவம். பழைய ஏட்டுச் சுவடிகளின் அட்டை அலங்காரத்திலிருந்து கம்பளத்துக்கு வந்தது. குறுக்கும் நெடுக்குமாக வாய்க்கால்கள் ஓடி, அவற்றுக்கு நடுவே பாத்திகளும் மரங்களும் இருந்தால் அது தோட்டக் கம்பளம். பாதி நாடு பாலைவனமாகக் கிடக்கும் தேசத்தில் வீட்டுக்குள் கொண்டுவந்து விரித்த தண்ணீர்க் கனவு அது. மேலே வளைவு இருந்தால் தொழுகைக்கானது. குதிரை வீரர்கள் மானையும் சிங்கத்தையும் துரத்தினால் வேட்டைக் கம்பளம். மன்னர்களும் காவியக் காதலர்களும் முகம் காட்டும் படக் கம்பளங்களும் உண்டு.

இவற்றுக்கு நடுவில் தமிழ்க் கண்ணுக்கு உடனே பிடிபடும் உருவம் ஒன்று இருக்கிறது. நுனி வளைந்த துளி. ஈரானியர்கள் அதை போத்தே என்கிறார்கள். பட்டுப்புடவைக் கடையில் நாம் அதை மாங்காய் என்போம்.

நகரத்துக் கம்பளங்களும் மேய்ச்சல் குடிகளின் கம்பளங்களும் வெவ்வேறு உலகங்கள். நகரத்தில் ஓவியர் ஒருவர் கட்டம் போட்ட தாளில் வரைந்து தருவார். ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. பல பட்டறைகளில் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து ராகம் போட்டு வாசிப்பது வழக்கமாக இருந்தது. இத்தனை நீலம், அடுத்து இத்தனை சிவப்பு என்று அவர் பாட, தறியில் இருப்பவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். ஃபார்ஸ் மாகாணத்தின் கஷ்காய் போன்ற மேய்ச்சல் குடிகளிடம் தாளும் கிடையாது, பாட்டுக்காரரும் கிடையாது. எல்லாம் நெய்யும் பெண்ணின் தலைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வடிவத்தில் இரண்டு கம்பளம் அவர்களால் நெய்ய முடியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். தறியும் தரையோடு தரையாகக் கிடக்கும். கூடாரத்தைப் பெயர்க்கும்போது சுருட்டிக்கொண்டு போக வசதி.

ஃபார்ஸ், கஷான் இரண்டு இடங்களின் நெசவுத் திறனையும் 2010ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. கஷானில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்குக் கம்பளம்தான் தொழில், அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள் என்பது அப்போது யுனெஸ்கோ பதிவு செய்த தகவல்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கூடத்தில் நடை தானாகவே மெதுவாகும். பவானி ஜமக்காளம் பாவும் ஊடையும் மட்டுமே கொண்ட தட்டையான நெசவு. பாரசீகக் கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு நூல் உண்டு. பாவில் அடுத்தடுத்த இரண்டு இழைகளில் ஒரு சிறு கம்பளி நூலைச் சுற்றி முடிச்சிட்டு, மிச்சத்தைக் கத்தியால் அறுத்துவிட வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடையைச் செலுத்தி, கனமான சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். பிறகு அடுத்த வரிசை. கம்பளத்தின் மேல் நாம் தடவிப் பார்க்கும் மென்மை, லட்சக்கணக்கான இந்த அறுந்த நுனிகள்தான்.

முடிச்சில் இரண்டு ஜாதி. நூல் இரண்டு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றினால் துருக்கி முடிச்சு. ஒன்றை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் சுற்றினால் பாரசீக முடிச்சு. பாரசீக முடிச்சுக்கு மேல்நாட்டு வியாபாரிகள் வைத்த பெயர் சென்னே. சென்னே என்பது இன்றைய சனந்தஜ் நகரின் பழைய பெயர். அந்த ஊரில் போடுவது துருக்கி முடிச்சு என்பதுதான் வேடிக்கை.

நெருக்கத்தை ரஜ் என்ற கணக்கில் அளக்கிறார்கள். சுமார் 7 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை முடிச்சு என்பதே ரஜ். 50 ரஜ் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 51 முடிச்சுகள். கட்டைவிரல் நகத்தை வைத்தால் மறைந்துவிடும் இடம் அது. அதே நெருக்கத்தில் 2 மீட்டருக்கு 3 மீட்டர் கம்பளம் ஒன்று நெய்ய 30 லட்சம் முடிச்சுகளுக்கு மேல் வேண்டும். கை தேர்ந்தவர் நாளைக்கு 8,000 முடிச்சுப் போடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் கூட ஓய்வில்லாமல் உட்கார்ந்தாலும் ஒரு வருஷம் போதாது. இத்தனைக்கும் இது கூடத்துக் கம்பளம் அல்ல. ஒரு சாதாரண அறைக்கு விரிக்கிற அளவு.

சாயத்தின் கதை தனி. மஞ்சிட்டி வகை வேரிலிருந்து சிவப்பு. மாதுளைத் தோலிலிருந்து மஞ்சள். வால்நட் தோலிலிருந்து பழுப்பு. நீலத்துக்கு அவுரி. முகலாயர் காலத்தில் இந்திய அவுரிக்கு ஈரான் நல்ல சந்தையாக இருந்தது. ஒவ்வொரு முறை சாயத் தொட்டி போடும்போதும் நிறம் சற்று மாறும். அதனால் ஒரே நீலப் பரப்பில் கூட நடுவே ஒரு பட்டை வெளுத்தும் ஒரு பட்டை அடர்ந்தும் தெரியும். இதற்கு அப்ரஷ் என்று பெயர். புதிதாகப் பார்ப்பவர்கள் பழுது என்று நினைப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்குவார்கள். 19ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் மலிவான ரசாயனச் சாயங்கள் வந்து, வெயில் பட்டால் வெளுக்கிற கம்பளங்கள் சந்தையில் குவிந்தன. பேர் கெட்டுவிடும் என்று பயந்த கஜார் மன்னர்கள் அவற்றைத் தடை செய்து பார்த்தார்கள். தடை முழுசாகப் பலிக்கவில்லை.

இவ்வளவு செல்வம் இருந்தும் இந்தக் கூடத்தில் ஒரு குறை உறுத்துகிறது. பாரசீகக் கம்பளக் கலையின் உச்சம் என்று உலகம் கொண்டாடும் சில படைப்புகள் இங்கே இல்லை. உலகின் மிகப் பழைய முடிச்சுக் கம்பளம் ரஷ்யாவில் இருக்கிறது. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில், பசிரிக் என்ற இடத்தில் பனியில் உறைந்த கல்லறை ஒன்றிலிருந்து 1949ல் செர்கேய் ருதென்கோ குழுவினர் அதை வெளியே எடுத்தார்கள். கிட்டத்தட்ட 2,400 ஆண்டுப் பழசு. குதிரை வீரர்களும் மான்களும் இன்னும் தெளிவாக இருக்கின்றன. நெய்தவர்கள் பாரசீகரா வேறு இனத்தவரா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

அர்தபில் கம்பளம் விஷயத்தில் அந்த விவாதமே இல்லை. 1539-40ல், சஃபவி மன்னர் ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் நெய்யப்பட்டது. நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், முடிச்சுகள் சுமார் 2.6 கோடி. அர்தபில் நகரின் ஷேக் சஃபி தர்காவிலிருந்து 19ம் நூற்றாண்டின் கடைசியில் வெளியே போன அதை, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸின் பரிந்துரையோடு லண்டனின் இன்றைய விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் 1893ல் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. அப்போது வெளியே சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு ஜோடிக் கம்பளமும் இருந்தது. சிதைந்திருந்த முதல் கம்பளத்துக்கு ஒட்டுப் போட இரண்டாவதைத்தான் வெட்டினார்கள். வெட்டியது போக மிஞ்சியது இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேட்டைக் காட்சிப் பட்டுக் கம்பளம் வியன்னாவில். இன்னொரு வேட்டைக் கம்பளம் மிலானில். பொன் வெள்ளி ஜரிகை சேர்த்த 17ம் நூற்றாண்டுப் பட்டுக் கம்பளங்கள் போலந்துப் பிரபுக்களின் வீடுகளிலிருந்து 1878 பாரிஸ் கண்காட்சிக்கு வந்தன. பார்த்தவர்கள் அவை போலந்தில் நெய்தவை என்று நினைத்து பொலொனேஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாரசீகச் சரக்கு என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2013 ஜூனில் கெர்மான் கம்பளம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 3.37 கோடி டாலருக்குப் போனது.

ஈரான் தன் கம்பளங்களுக்கென்று ஓர் இல்லம் கட்ட நினைத்தபோது பாதி மணமக்கள் ஏற்கெனவே வேறு வீடுகளுக்குப் போயிருந்தார்கள். இந்த அருங்காட்சியகத்தின் மதிப்பும் அதனால்தான் கூடுகிறது. மீதி இருந்ததைத் தேடிச் சேர்த்து, இனியாவது வெளியே போகாமல் காப்பாற்றிய இடம் இது.

இன்னொரு குறையைக் கவனிக்க, கம்பளத்தின் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படிக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் காலம், என்ன அளவு, எந்த வகை என்றெல்லாம் தெரியும். யார் நெய்தது என்பது அநேகமாகத் தெரியாது. அருங்காட்சியகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் எழுதி வைக்காததை அது எங்கே போய்த் தேடும்?

கம்பளத்தில் பெயரே இல்லை என்பதல்ல. சிலவற்றின் ஓரத்தில் பெயர் நெய்யப்பட்டிருக்கும். கஷானின் மொஹ்தஷம், மஷ்ஹதின் அமோகலி, இஸ்ஃபஹானின் சைராஃபியான் என்றால் ஏலத்தில் விலை ஏறும். இவையெல்லாம் பட்டறை நடத்தியவர்களின், குடும்பங்களின் பெயர்கள். அர்தபில் கம்பளத்திலும் மக்சூத் கஷானி என்ற பெயர் இருக்கிறது. 2.6 கோடி முடிச்சையும் அவர் ஒருவரே போட்டிருக்க வாய்ப்பில்லை. வேலையை வடிவமைத்து மேற்பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். தறியின் முன் பலகையில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, என்ன கூலி என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

உட்கார்ந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. 19ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் பாரசீகக் கம்பளத்துக்குக் கிராக்கி ஏறியது. தப்ரீஸ் வியாபாரிகள் ஏற்றுமதியில் இறங்கினார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த ஜீக்லர் கம்பெனி, இன்று அராக் என்று அழைக்கப்படும் சுல்தானாபாதில் கடை விரித்தது. மேற்கத்திய வரவேற்பறைக்கு ஏற்ற அளவும் நிறமும் கேட்டு ஆர்டர்கள் குவிந்தன. பட்டறைகள் பெருகின. சின்ன விரலுக்குச் சின்ன முடிச்சு வரும் என்று சொல்லிச் சிறுவர் சிறுமியரைத் தறியில் உட்கார வைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத ஈரமான அறைகளில் நாள் முழுக்கக் குந்தி வளைந்த எலும்புகளைப் பற்றி அந்தக் காலத்துப் பயணிகளும் மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

ஈரானின் முதல் தொழிலாளர் சட்டங்களில் ஒன்று கம்பளத் தறியிலிருந்து பிறந்ததில் ஆச்சரியமில்லை. 1923ல் கெர்மான் ஆளுநர் ஓர் ஆணை போட்டார். வேலை நேரம் 8 மணி. வெள்ளிக்கிழமை கூலியோடு விடுமுறை. நிலத்தடியிலும் ஈரமான இடத்திலும் பட்டறை கூடாது. 8 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுமிகளையும் வேலைக்கு வைக்கக் கூடாது. எட்டு வயதை எட்டினால் உட்கார வைக்கலாம் என்பதுதான் சீர்திருத்தம் என்றால், அதற்கு முன் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்த ஆணையும் எவ்வளவு தூரம் அமலானது என்பது வேறு விஷயம். இந்தக் கூடத்தில் அழகாகத் தொங்கும் அந்தக் காலத்துக் கெர்மான் கம்பளங்களை இந்தத் தகவலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரில்லாமை பழங்கதை அல்ல. வளைகுடாவில் பிழைக்கப் போன எத்தனையோ தமிழர்கள், தெரியாமலே ஈரானிய நெசவின் மேல் நடந்திருக்கிறார்கள். மஸ்கட்டில் 2001ல் திறக்கப்பட்ட சுல்தான் கபூஸ் பெரிய மசூதியின் தொழுகைக் கூடத்தில் இருப்பது 4,343 சதுர மீட்டர் கம்பளம். 170 கோடி முடிச்சுகள். குராசான் மாகாணத்துப் பெண்கள் 600 பேர் நெய்தது. அபுதாபியின் ஷேக் ஜாயித் பெரிய மசூதியில் இருப்பது அதையும் மிஞ்சியது. 5,600 சதுர மீட்டருக்கு மேல், 226 கோடி முடிச்சுகளுக்கு மேல். குராசானின் நிஷாபூர் வட்டாரத்துக் கிராமங்களில் சுமார் 1,200 பெண்கள் பகுதி பகுதியாக நெய்து, விமானத்தில் ஏற்றி, அங்கே இணைத்தார்கள். வடிவமைத்த ஓவியர் அலி காலிகியின் பெயர் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. 1,200 பேர் அதே புத்தகங்களில் ஓர் எண்ணிக்கை மட்டுமே.

அந்த எண்ணிக்கையும் இப்போது சுருங்கிக்கொண்டிருக்கிறது. கம்பளம் ஈரானுக்கு எண்ணெய்க்கு அடுத்த பெரிய ஏற்றுமதிப் பொருளாக இருந்த காலம் உண்டு. 1990களின் நடுவில் அதன் ஏற்றுமதி ஆண்டுக்கு 200 கோடி டாலரைத் தொட்டது. இன்று சில கோடி டாலராகத் தேய்ந்துவிட்டது. கம்பளத்தை விரித்து மடக்கியது போல் அமெரிக்கத் தடை வந்து வந்து போனது ஒரு காரணம். 1987ல் ரீகன் அரசு ஈரானியப் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2000ல் கிளின்டன் அரசு கம்பளத்துக்கும் பிஸ்தாவுக்கும் விலக்குத் தந்தது. 2010ல் மறுபடி தடை. அணு ஒப்பந்தத்துக்குப் பின் 2016ல் தளர்வு. 2018 ஆகஸ்டில் டிரம்ப் ஆட்சியில் மீண்டும் தடை. ஒரு நல்ல கம்பளத்தைத் தறியிலிருந்து இறக்க ஓரிரு வருஷம் ஆகும். தொடங்கும்போது இருந்த சந்தை முடிக்கும்போது இருக்குமா என்று தெரியாத தொழிலில் எந்தத் தாய் தன் மகளை உட்கார வைப்பாள்? மிஷின் கம்பளங்களின் மலிவு விலையும், படித்த பெண்களுக்கு வேறு வேலைகள் மேல் வந்த நாட்டமும் சேர்ந்துகொண்டன. கடைசியில் சொன்னதைக் குறை என்று சொல்ல முடியாது.

ஈரான் இழந்த சந்தையில் பெரும் பங்கு எங்கே போனது என்று கேட்டால் விரல் நம் பக்கமும் நீளும். கையால் செய்த கம்பளங்களின் ஏற்றுமதியில் இன்று உலகின் முன்னணியில் இருப்பது இந்தியா. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரமும் காஷ்மீரும் அதன் கேந்திரங்கள். கலையும் அங்கிருந்து வந்ததுதான். அக்பர் ஆக்ராவிலும், ஃபத்தேபூர் சிக்ரியிலும், லாகூரிலும் கம்பளப் பட்டறைகள் நடத்தியதை அயினி அக்பரியில் எழுதும் அபுல் ஃபசல், அதற்குப் பிறகும் கெர்மான் முதலிய ஊர்களின் சரக்கை வியாபாரிகள் இறக்குமதி செய்வது நிற்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஈரானில் வடிவத்தைப் பாடிச் சொல்வது போல, காஷ்மீரில் தாலீம் என்ற சங்கேதக் குறிப்பை உரக்க வாசித்து நெய்யும் வழக்கம் உண்டு. கஷான், தப்ரீஸ் என்று பாரசீக ஊர்ப் பெயரோடே இந்தியக் கம்பளங்கள் விற்கப்படுவதில் ஈரானியர்களுக்கு வருத்தம் இருக்கிறது.

பெயரில்லாத கைகளும் இங்கே வந்து சேர்ந்தன. பதோஹித் தறிகளில் அகப்பட்ட குழந்தைகளை மீட்கப் போராடியவர்களில் கைலாஷ் சத்யார்த்தி முக்கியமானவர். குழந்தை உழைப்பு இல்லாத கம்பளத்துக்கு முத்திரை தரும் ரக்மார்க் 1994ல் உருவானது அந்தப் போராட்டத்தின் விளைவு. 2014ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சந்தையின் நிச்சயமின்மையும் இங்கே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஈரானிய நெசவாளர்கள் பல ஆண்டுகளாகப் படும் அவஸ்தை என்ன என்பது பதோஹிக்குப் புரிந்திருக்கும்.

அதே 2025 ஜூனில் இஸ்ரேலுடன் 12 நாள் போர் நடந்தபோது ஈரானின் அருங்காட்சியகங்கள் கதவை மூடின. அரும்பொருள்களைப் பத்திரமான இடங்களுக்கு மாற்றும் வேலை நடந்தது. கி.பி. 637ல் அரபுப் படை சாசானியத் தலைநகரைப் பிடித்தபோது, அரண்மனையில் இருந்த குஸ்ரூவின் வசந்தம் என்ற மாபெரும் கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் செய்தி. போர் வந்தால் கம்பளம் என்ன ஆகும் என்பது ஈரானியர்களுக்கு அப்போதிருந்தே தெரியும். தெஹ்ரான் போகத் திட்டமிடுபவர்கள் அன்றைய நிலவரத்தையும், அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

போக முடியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் கம்பளக் கடைக்கே போகலாம். அருங்காட்சியகத்தில் அனுமதிக்க முடியாத ஒரு காரியத்தை அங்கே செய்ய முடியும். கம்பளத்தின் மூலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, முதுகைத்தான். முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சே இல்லாமல், நூலைக் குத்தி இறக்கிப் பசை போட்டது. ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைக்கப்பட்டிருந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையான கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் நுனிதான். முடிச்சுகள் எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் அது மிஷின்.

கையால் நெய்ததில் வரிசை எங்காவது சற்றே வளையும். ஓர் இடத்தில் இறுக்கம் கூடும், இன்னோர் இடத்தில் தளரும். கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதால் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று வியாபாரிகள் ஒரு கதை சொல்வார்கள். முப்பது லட்சம் முடிச்சுப் போடுகிறவருக்குப் பிழையை வேண்டி வரவழைக்கத் தேவையில்லை. அன்றைக்குக் கை வலித்திருக்கும், அல்லது பலகையில் பக்கத்தில் புதிதாக ஒருத்தி வந்து உட்கார்ந்திருப்பாள். அந்தக் கோணல் வரிசைகளைத் தவிர அவர்கள் வேறு கையெழுத்து எதையும் விட்டுப்போகவில்லை.